ஐந்து சன்னல்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்துக்குச் சரியாக
எங்கள் மாடி.
அதனால்தான் வாடகை குறைவு.
பேருந்துகள் காதுக்குள்ளேயே கியர் மாற்றும்.
வெள்ளைத் தாளில் நாங்கள் கை வைக்கும் முன்
தூசி ஒரு பூச்சு பூசி வைத்திருக்கும்.

நாலு பேர், கடைசி வருடம்.
இல்லஸ்ட்ரேஷன் என்றால் என்னவென்று
வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் கேட்டதற்கு
ஸ்டெர்வின் சொன்னான்:
"சொல்ல வந்ததச் சொல்லாம காட்டுறது."
"அப்போ வாடகையயும் சொல்லாம காட்டுங்கடே."

ஸ்டெர்வின் வீட்டில் வெல்டிங் பட்டறை.
அப்பா ஊரில் இல்லாத வாரம்
ஒரு இரும்பு கேட்டில் சித்திரக்கதை பற்றவைத்தான்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கட்டம்.
ஒரு பெண் கடல் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான் கதை.
வாங்கியவர் அளவு மாறிப்போச்சு என்று
ஒரு முழம் அறுக்கச் சொன்னார்.
இப்போது அவள் திருவட்டாரில்
ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாள்.
கடல், பழைய இரும்போடு எடைக்குப் போனது.

நஸீஹா தேங்காப்பட்டணம்.
வர்ம வைத்தியசாலைக்கு உடம்பு வரைகிறாள்:
நூற்றெட்டுப் புள்ளி,
ஒன்றுகூட அரை நெல் தப்பக் கூடாது.
கூலியில் பாதி பணம், பாதி தைலம்.
எங்கள் ஓவியங்களில் எல்லாம் முட்டுவலி மணக்கும்.

நான் தேன் புட்டிக்கு லேபிள்.
தேனீயின் பின்னங்காலுக்காக மூன்று நாள்
விலங்கியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கி மேல் குனிந்து கிடந்தேன்.
"இதுல எது பாடம், எது உனக்க கற்பன?"
கேட்டாள் அங்கே படிக்கும் பெனிஷா.
ரோமங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும்.

சன்னல் யோசனை விபிஷாவுடையது.
பாதி அனிமேஷன், பாதி தையல், முழுக்கப் பிடிவாதம்.
கைக்கடிகாரத்தோடு ஒரு மாலை முழுக்க நின்று சொன்னாள்:
ஐந்து சன்னலையும் ஒரு பேருந்து கடக்க மூன்று நொடி.
ஐந்து துணி தைத்தாள்.
முதலாவதில் மூடிய ஒரு கை, நஸீஹா வரைந்தது.
ஐந்தாவதில் விரிந்த கை, அதிலிருந்து கிளம்பும் என் தேனீ.
நின்று பார்ப்பவருக்கு ஐந்து படம்.
போகிறவருக்கு மட்டும் ஒன்று.
(நாகர்கோவில் திரும்புகிறவர்களுக்குக் கை மூடும் என்பது
தொங்கவிட்ட பிறகுதான் உறைத்தது.)

வெள்ளிக்கிழமை, சாரல்.
அன்னாசி லாரி ஒன்று பாலத்தில் அச்சு முறிந்து நிற்க,
களியக்காவிளை பேருந்து
எங்கள் நாலாம் சன்னலுக்கு நேரே மாட்டிக்கொண்டது.
முதன்முறையாக எங்களை
யாரோ உட்கார்ந்து பார்த்தார்கள்.

யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன்,
மட்டிப்பழம் உரித்தபடி.
துணியைப் பார்த்தான்.
துணிகளின் இடுக்கில் நின்ற எங்களைப் பார்த்தான்.
தோலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு
ஒரு கையை முழுக்க விரித்தான்,
மறு கையில் ஒரு விரல்.

பின்பக்கத்திலிருந்து எண்ணினோம்.
ஆறு.

நூற்றெட்டு தப்பாதவள்
முகத்தைப் பொத்திக்கொண்டாள்.
அப்புறம் விரல்களுக்கிடையிலிருந்து சொன்னாள்:
"அது ஓடுற விரலுடே.
மூணுலருந்து அஞ்சுக்குப் போற வழியில
ரெண்டு எடத்துலயும் நிக்கும்."
"அப்போ தப்பில்ல," என்றாள் விபிஷா.
"தப்புதான்.
அழிச்சா கை விரியாது."

நாங்கள் இதை முடிக்கவில்லை. இன்னும் சண்டைதான்.
ஸ்டெர்வின் மட்டும் சன்னலில் தலையை நீட்டி
பையனுக்கு ஆறு விரல் காட்டினான்,
சரிதான் மக்கா என்பதுபோல்.

லாரியைத் தள்ளி ஓரமாக்கினார்கள்.
பேருந்து உறுமியது, நகர்ந்தது.
பையன் எழுந்து கழுத்தைத் திருப்பினான்.

அவனுக்கு மிச்சம் இருந்தது
ஒரே ஒரு சன்னல்.